யார் வலது?

கைகள் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று எண், பிறகு மூன்று எண், பிறகு மறுபடி மூன்று எண். எங்கிருந்து எடுக்க வேண்டும், எதுவரை எடுக்க வேண்டும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். எடுப்பது ஒரே ஒரு கட்டை என்பதால் முதல் இரண்டும் ஒன்றேதான். ஆனாலும் இரண்டு தடவை எழுதாவிட்டால் கணினி ஏற்காது. ஒவ்வொரு வரி முடிந்ததும் ஆள்காட்டி விரல் திரையில் அந்த வரியின் மேல் மெல்ல ஓடி, கடைசி எண்ணில் நின்று, எதையோ பிடித்து இழுத்துப் பார்ப்பது போல வளைந்து விலகும். விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் செம்புக் கம்பி குத்திய பழைய கறுப்புப் புள்ளி ஒன்று.

திரையில் எதையும் இழுத்துப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. லிஃப்ட் செய்யும் பட்டறையில் அவளுக்கு ஒயர் கட்டும் வேலை. திருகை முடுக்கியபின் ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போக மாட்டாள். அதனால் அங்கே அவளுக்குப் பேர் ‘இழுவை’. வேலையை இழுத்தடிக்கிறவள் என்ற கேலியும் அதில் சேர்ந்திருந்தது. இரண்டுமே பொருந்துவதால் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அவள் கட்டுவது, லிஃப்டுக்குள் ஏறுகிறவர்கள் அழுத்துகிற பட்டன் பலகை. ஏறுகிறவர்கள் பார்ப்பது பளபளக்கும் முன்பக்கம். அவள் நாளெல்லாம் நிற்பது அதன் பின்பக்கம். அவளுடைய வலது அவர்களுக்கு இடது. அந்தப் பட்டறையில் வெறுமனே ‘வலது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் நாலு மூலையிலிருந்தும் “யார் வலது?” என்று கேள்வி வரும். ‘என் வலது’ என்றால் பின்னால் நிற்பவரின் வலது. ‘ஏறுறவங்க வலது’ என்றால் முன்பக்கத்து வலது. சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலை வலது பக்கம் தள்ளச் சொன்னால்கூட யாராவது ஒருத்தர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

இந்த வழக்கம் சும்மா வந்ததில்லை. எப்போதோ ஒரு கட்டடத்துக்குப் போன பலகையில் கதவைத் திறக்கும் பட்டனும் மூடும் பட்டனும் இடம் மாறிப்போயிருந்தன. பல மாதம் யாரும் புகார் சொல்லவில்லை. ஓடிவருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடிக்க நினைத்து, அவர்கள் முகத்துக்கு நேரே மூடிவிட்டு, ஒவ்வொருவரும் தன் விரல்தான் தவறிவிட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டடம் முழுக்கத் தன் கையையே சந்தேகப்பட்டது. அந்தக் கதையைப் பட்டறையில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் சொல்லி முடிக்கும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பலகையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வெளியே போகும்போது, பெட்டியின் சாவியைச் சிவப்பு ஒயர்த் துண்டால் கைப்பிடியில் கட்டி அனுப்புவார்கள். சாவி இல்லாமல் போனால் கொடுத்ததாகக் கணக்கில்லை. வாங்க வேண்டியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அவள் கட்டிக்கொண்டிருந்தது லிஃப்ட் இல்லை. கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற கணினி விளையாட்டு ஒன்று. அதற்குள் ஒரு பெரிய புதிர்க் கனசதுரம். ஆறு முகம், ஆறு நிறம், பட்டனை அழுத்தினால் நிஜமாகவே திரும்புகிற க்யூப்.

அந்த விளையாட்டு அவளுக்கும் தம்பிக்கும் மட்டுமான இடமாக இருந்தது. தம்பி சரக்குக் கப்பலில் குளிர்சாதன மெக்கானிக். கடலுக்குப் போன புதிதில் இருவரும் போனில் பேசிப் பார்த்தார்கள். ஒருத்தர் பேசியது மற்றவருக்கு எட்டுவதற்குள் அடுத்த பேச்சு வந்து முட்டிக்கொள்ளும். அப்புறம்தான் தம்பி இந்த விளையாட்டைப் பிடித்தான். பேசவே வேண்டாம், அவன் ஒரு சுவர் எழுப்பினால் அவள் அதில் ஜன்னல் வைப்பாள். அவள் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. உலகம் அதற்குள் இருந்தது. முதல் நாள் உலகத்துக்குப் பேர் என்ன என்று விளையாட்டு கேட்டபோது, எத்தனை பேர் என்று கேட்கிறது என நினைத்துத் தம்பி ‘ரெண்டு பேர்’ என்று தட்டிவிட்டான். அதுவே பேராக நின்றுவிட்டது. அதன் சாவியும் இரண்டு பேரிடம்தான் இருந்தது. விளையாட்டில் அதற்குப் பெயர் உரிமையாளர். இவர்களுக்கு அது சாவி. சாவி இருப்பவர்தான், மற்றக் கட்டைகளை நகர்த்துகிற ஆணைக் கட்டைகளைத் திறந்து உள்ளே எழுத முடியும். மற்றவர்கள் விருந்தாளிகள். நடக்கலாம், செடி வைக்கலாம், பட்டனை அழுத்தலாம். அவ்வளவுதான்.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சுறுசுறுப்பான பெண். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் கல்லாவுக்குக் கீழே ஒரு க்யூபைச் சேர்த்து முடித்துவிடுவாள். கல்யாணத்தன்றே இவளைப் பார்த்து ஆசையாக ‘அக்கா’ என்றாள். இவள் சிரித்த முகத்தோடு, “அண்ணின்னு கூப்பிடும்மா, அதுதான் முறை” என்று திருத்தினாள். முறை எல்லாம் ஒன்றுமில்லை. தன்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தன் போதும் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அதுவும் இவளுக்குப் பிடிக்கவில்லை.

கப்பல் கிளம்பியதும் தம்பி அவளை விருந்தாளியாக உலகத்துக்குள் கூட்டிவந்தான். இவள் வேலை முடிந்து வந்து திரையைத் திறந்தால், பகலில் யாரோ புழங்கிய வீடு மாதிரி இருக்கும். தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில். பாலத்தின் மேல் ஒரு பலகையில், “நேத்து விழுந்த இடம் இதுதான்” என்று எழுதியிருக்கும். யார் விழுந்தார்கள், ஏன் சிரித்தார்கள் என்று இவளுக்குத் தெரியாது. இவள் பார்த்துப் பார்த்துப் போட்ட ரயில் நிலையத்தைச் சுற்றி மஞ்சள் பூ வரிசையாக நட்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதையெல்லாம் பிடுங்கிப்போட்டாள். பூ எங்கே என்று தம்பி கேட்டபோது, ஆடு தின்றுவிட்டது என்றாள்.

“இந்த விளையாட்டுல ஆடு பூ தின்னாதுக்கா. புல்லுதான் தின்னும்.”

“நம்ம ஆடு தின்னும்.”

தம்பி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அவளுக்குப் புரியவேண்டியது புரிந்தது.

அடுத்த துறைமுகத்திலிருந்து பேசும்போது அவன் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தான். தன் மனைவிக்கும் ஒரு சாவி கொடுத்துவிடலாமா என்றான். இவள் லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். லைன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அவன் வேறு பேச்செடுத்தான். அவளுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். உலகத்துக்குள் பெரிதாக ஒரு க்யூப், நிஜமாகச் சுற்றுகிற மாதிரி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டான். அவளுக்குத் தெரியக்கூடாதாம். “எனக்கு இதெல்லாம் வராதுக்கா. உன்னாலதான் முடியும்.”

இது மட்டும் நன்றாகக் கேட்டது.

இவள் ஒத்துக்கொண்டது அந்தப் பெண்ணுக்காக இல்லை. முடியாது என்றால் மருந்துக்கடைக்காரி தானே படித்துத் தானே கட்ட ஆசைப்படுவாள், கட்டச் சாவி வேண்டும் என்பாள், தம்பி கொடுத்துவிடுவான். நாமே கட்டிக் கொடுத்தால் அவளுக்குச் சாவி எதற்கு? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது யார் கட்டியது என்ற நினைப்பு வேறு அவளுக்கு வரும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் ரயில் நிலையத்துக்கு எதிரே நிலத்தைச் சமன் செய்து, அந்தப் பெண் கண்ணில் படாதபடி சுற்றி உயரமாக ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினாள்.

ஒரு நிஜ க்யூபை வாங்கிவந்து ஒவ்வொரு கட்டத்திலும் மார்க்கரால் எண் போட்டாள். சேர்க்கத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவளுக்கு ஆசையில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினால் எந்த எண் எங்கே போகிறது என்பதுதான் வேண்டும். திரைக்குள் வீடு உயரத்துக்குக் கறுப்புக் கட்டையால் சட்டம் எழுப்பி, நிறங்களை அதில் பதித்தாள். உள்ளே கூடாக விட்டு, போய்வரப் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்தாள். ஆணைக் கட்டைகள் எல்லாம் அந்தக் கூட்டுக்குள், ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால். அவள் நின்று வேலை செய்ததும் அங்கேதான். அவளுக்கு வேறு எங்கேயும் நிற்கத் தோன்றவில்லை.

முதல் தடவை அழுத்தியபோது சிவப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஒரு கட்டம் நகர்ந்து அடுத்ததன் மேல் உட்கார, அது நகர்வதற்குள்ளேயே அழிந்து, அந்தச் சிவப்பே மேலும் மேலும் நகர்ந்து, முகம் முழுக்கச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கதவு மூடுவதற்குள் லிஃப்ட் நகர்ந்தால் ஆவது இதுதான். அப்புறம் தரைக்கு அடியில் ஒரு காத்திருப்பு வரிசை அமைத்தாள். எல்லா நிறமும் முதலில் அங்கே போய் நிற்கும். எல்லாம் வந்து சேர்ந்தபின் ஒவ்வொன்றாகத் தன் புது இடத்துக்குப் போகும். ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு பட்டன், இந்தப் பக்கம் திருப்ப ஒன்று, அந்தப் பக்கம் திருப்ப ஒன்று, மேலே அம்புக்குறி. எந்தப் பட்டனை நாலு தடவை அழுத்தினாலும் எல்லா நிறமும் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஒவ்வொன்றையும் அப்படிச் சோதித்தாள். வந்தது. அன்றைக்குத் தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சமைத்தாள்.

பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி மனைவி வந்திருந்தாள். அலமாரியில் எண் போட்ட க்யூப் கண்ணில் பட்டுவிட்டது. பட்டறையில் எதையோ பரிசோதிக்க வாங்கியது என்று இவள் சமாளித்தாள். அந்தப் பெண் அதை எடுத்து, பேசிக்கொண்டே திருப்ப ஆரம்பித்தாள். இவளுடைய கணவர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். யார் கை வேகமாக ஓடினாலும் ரசித்துப் பார்க்கிறவர். எப்படிம்மா இது என்று கேட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் நம் முகத்துக்கு நேரே இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வலது என்றால் அப்படிப் பார்க்கும்போது கடிகார முள் போகிற பக்கம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு வலது.

தட்டோடு வந்துகொண்டிருந்த இழுவை அங்கேயே நின்றாள்.

வெளியே நின்று பார்க்கிறவருக்கு. அவள் ஆறு முகத்துக்கும் உள்ளே நின்றல்லவா எண் போட்டிருந்தாள். அம்பு வலது என்று காட்டும். முகம் இடப்பக்கம் திரும்பும். ஆறும் அப்படித்தான். நாலு தடவை அழுத்தினால் எப்படிச் சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்குத்தானே வரும். அந்தச் சோதனையில் இது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரையும் கேட்டுவந்த கேள்வியை, தன்னைக் கேட்க மறந்திருக்கிறாள். சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு முகத்திலும் இரண்டு பட்டனின் இணைப்பையும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். அடித்தது அவன் மனைவியின் போன். அவள் பேசினாள், சிரித்தாள், எழுந்து பால்கனிக்குப் போனாள், வெகுநேரம் கழித்து வந்து போனை நீட்டினாள். “அண்ணி, உங்ககிட்டயும் பேசணுமாம்.” அந்த ‘உம்’ இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாங்கிப் பேசுவதற்குள் லைன் போய்விட்டது. இந்தத் தடவை நிஜமாகவே.

அவள் போனபின் இழுவை கணினியைத் திறந்து, க்யூபின் முன்னால் நின்று பார்த்தாள். பிறகு எதையும் தொடாமல் மூடினாள். சுற்றுகிறதா, சுற்றுகிறது. சேர்க்க முடியாமல் அவள் திணறினால் அது அவள் பாடு. மறுநாள் கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“உனக்குப் பிடிக்காத ஆளு குடியிருந்தா, மேல போற பட்டனை அழுத்தினா கீழ போற மாதிரி கட்டி அனுப்புவியா?”

“அது வேலை. இது விளையாட்டு.”

“ஓ, அப்படியா. சரி சரி” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். பேக்கரிக்காரர் சீக்கிரம் தூங்குகிறவர். அவர் வாக்குவாதம் செய்யாததால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கிடந்தது.

பிறந்தநாளன்று சாயங்காலம் தம்பி தன் மனைவியை அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தான். வந்தவளைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்துக் கணினியில் உட்காரவைத்தார்கள். அவள் நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள். இவள் வருஷக்கணக்கில் பழக்கிவைத்த உயரம் ஒரு நொடியில் போயிற்று. இவள் கணவரின் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மறைப்புச் சுவரை எடுத்தாள். திரைக்குள் தம்பியும் வந்தான். ‘திரும்பிப் பாரு’ என்று மனைவிக்கு எழுதினான். அவள் திரும்பினாள். ரயில் நிலையத்துக்கு எதிரே க்யூபின் நிறங்கள் எழும்பி நின்றன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி ‘அக்கா’ என்று எழுதியது வந்தது. மேற்கொண்டு என்ன எழுத நினைத்தானோ, அத்தோடு அவன் உருவம் அப்படியே உறைந்து, பிறகு மறைந்துபோயிற்று. கப்பலில் சிக்னல் போய்விட்டது. உலகத்துக்குள் இவர்கள் இருவர்தான்.

கலைக்கும் பட்டனை இவளே அழுத்தினாள். நிறங்கள் சிதறின. அந்தப் பெண் ஒரு பட்டனை அழுத்தினாள். அடுத்தது. நின்றாள். மடியில் கிடந்த இடது கை, அங்கே இல்லாத ஒரு க்யூபைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றாள். இழுவை அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள். நாக்கில் ஒரு ருசியும் தட்டவில்லை.

“கை வரலை அண்ணி” என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே. “இவ்வளவு பெருசுல பழக்கமில்ல இல்லையா, விரல் தப்பாப் போகுது. ரொம்ப அழகா இருக்கு. நான் பழகிக்கறேன்.”

கதவு முகத்துக்கு நேரே மூடியபின் மன்னிப்புக் கேட்கிறவர்களின் குரல் அது. இழுவை அந்தக் கட்டடத்துக்குப் போனதில்லை. ஆனால் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

“உன் கை சரிதான். பலகைதான் தப்பு. எல்லாம் திருப்பிச் சுத்துது.”

“தெரியும் அண்ணி.”

“எப்ப தெரியும்?”

“ரெண்டாவது அழுத்துல.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கட்டினதாச்சே.”

இழுவைக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பெண் தோற்பாள் என்று பார்த்தால், தோற்ற மாதிரி நடித்து அதிலும் ஜெயித்துவிட்டாள். “நீ ஒண்ணும் எனக்காகத் தோத்துப்போக வேணாம்” என்றாள். குரல் கொஞ்சம் தடித்தது. “எனக்கும் போன ஞாயித்துக்கிழமையே தெரியும்.”

அந்தப் பெண் நாற்காலியோடு முழுசாகத் திரும்பினாள். கணவர் சமையலறை வாசலில் கேக்கும் கத்தியுமாக வந்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றார்.

“ஆடு பூவைத் தின்ன மாதிரியா அண்ணி?”

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் கேக்கோடு சமையலறைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார். இழுவை அசையவில்லை.

“அது ஆடுதான்” என்றாள். “நீ வெளிய நில்லு. நான் உள்ள போறேன்.”

கூட்டுக்குள் போனாள். முதல் முகத்தின் இரண்டு இணைப்பையும் பிரித்து மாற்றிப் போட்டாள். “அழுத்து. எந்தப் பக்கம் சுத்துது?”

“வலது.”

“யார் வலது?”

“பாக்கறவங்க வலது.”

யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பதில். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது வாயில் வரவே நாளாகும். அதையும் ஒரு பொறாமையாக மனசில் சேர்த்துவைத்துக்கொண்டு அடுத்த முகத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாக மாற்றினாள், ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் விரல் திரையைத் தொட்டு இழுத்துப் பார்த்தது. ஆறும் முடிந்ததும் வெளியே வராமல் கூட்டுக்குள்ளேயே நின்றாள். “ம், சேத்துக் காட்டு” என்றாள்.

பட்டன்கள் விடாமல் சடசடத்தன. காத்திருப்பு வரிசையில் நிறங்கள் வந்து நின்று கிளம்பிக்கொண்டே இருந்தன. உள்ளே நின்றவளைச் சுற்றி ஆறு சுவரும் கலைந்து, குழம்பி, இன்னும் மோசமாகக் குழம்பி, பிறகு ஒரு மூலையிலிருந்து தெளிய ஆரம்பித்தன. கடைசியில் எதிர்ச் சுவர் முழுக்க ஒரே நீலம். பின்னால் திரும்பினாள். அது முழுக்கப் பச்சை. இவ்வளவு நாள் கட்டியும் தன் க்யூப் இப்படிச் சேர்ந்து அவள் பார்த்ததில்லை. தன்னால் முடியாத இதை அவள் செய்து காட்டிவிட்டாள். தான் கட்டாமல் அவளாலும் செய்திருக்க முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் குத்தின.

அந்தப் பெண் க்யூபின் பக்கவாட்டுக் கதவருகே வந்து நின்றாள். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம். ஆனால் சாவி இல்லாமல் ஆணைக் கட்டைகளைத் திறக்க அவளால் முடியாது. நாளைக்கு ஏதாவது நின்றுபோனால், அக்காவோ தம்பியோ வரும்வரை அது நின்றபடிதான் இருக்க வேண்டும். பெட்டி போய்விட்டது, சாவி பட்டறையிலேயே இருக்கிறது. இப்படி ஒன்றை அவள் பட்டறையில் யாரும் வெளியே விட்டதில்லை.

இழுவை மடிக்கணினியில் ஒரு வரி தட்டினாள். உரிமையாளர் ஆக்கும் ஆணை, அதன் பக்கத்தில் தம்பி மனைவியின் பெயர். நுழைவு விசையை அழுத்தாமல் விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள்.

“பேரை மாத்தச் சொல்லக்கூடாது” என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

“எந்தப் பேரை அண்ணி?”

“உலகத்தோட பேரை. ‘ரெண்டு பேர்’தான். அப்படியேதான் இருக்கும்.”

“இருக்கட்டும் அண்ணி. நான் என்ன எண்ணிப் பாக்கவா போறேன்.”

இழுவை கதவருகே ஒரு சிவப்புக் கம்பளிக் கட்டையை வைத்தாள். ஒயர்த் துண்டு அந்த உலகத்தில் இல்லை. பிறகு அந்த வரியின் மேல் விரலை ஒரு தடவை ஓட்டி, கடைசி எழுத்தில் நிறுத்தி, இழுத்துப் பார்த்துவிட்டு, அழுத்தினாள்.